டேவிட் சீவிய வளையம்

8-6-70, திங்கள்

அக்னி முடிந்து பத்து நாளாகிறதாம். வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அச்சு காய்வதற்கு நல்லது, மனுஷனுக்கு இல்லை.

இன்சுலேட்டர் மாடல் ஒன்று முடித்தேன். இன்னொன்று பாதி. மண் சூளையில் சுருங்கும், அதற்கு அளவைக் கூட்டி வைத்துக் கடைய வேண்டும். புதிதாக வந்திருக்கும் ஆள் கூட்டாமல் கடைந்திருந்தான். திட்டினேன்.

சாப்பாட்டு மணிக்கு ஆபீஸ் கிளார்க் தேவசகாயம் சார் மாடல் செக்ஷனுக்கே வந்துவிட்டார். என் பேருக்கு அமெரிக்கத் தபால், அவர் கையில். "அண்ணே, மொதல்ல ஒக்காருங்க" என்றார்.

டேவிட் இறந்துவிட்டான். வியட்நாம் சண்டையில், பிப்ரவரி மாதம். எழுதியவர் அவன் அப்பா.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இங்கே பீங்கான் எஸ்டேட்டில் சூளை வேலை கற்றுக் கொடுக்க வந்த அமெரிக்கத் தொண்டன். இரண்டு வருஷம் இருந்தான். காமாலை வந்து திருப்பி அனுப்பினார்கள். போகும்போது இருபத்துநான்கு வயசு. என்னை "கலி அண்ணே" என்பான். கலியபெருமாள் அவன் வாய்க்குள் நுழையவில்லை.

கடிதத்தில் மீதி இது. ஒரே மகன். தாய் முன்பே இல்லை. டேவிட் இங்கே வில் செய்யச் சீவிக்கொண்டிருந்த மரம் அப்பாவே தன் வயல் வேலியில் தறித்துப் பிளந்தது. அவர்கள் ஊரில் அதில் வில் செய்வார்களாம். ஓசேஜ் மரம் என்று பெயர். மகன் இந்தியா வரும்போது பிளந்த மரத்தைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தான். இங்கே உட்கார்ந்து சீவினான். முடிக்காமல் என்னிடம் விட்டுப்போனதாக அவருக்கு எழுதியிருக்கிறான். "என் மகன் சீவிய தடத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வில் ஆகாவிட்டாலும் பரவாயில்லை. அப்படியே அனுப்ப முடியுமா?"

தேவசகாயம் படித்துவிட்டு, "பாவம்ண்ணே. இருக்குதுல்ல அது?" என்றார்.

இருக்குது என்றேன்.

கேட் டீக்கடையில் அதற்குள் செய்தி. "நம்ம ஊரு தண்ணியக் குடிச்சி காமாலையில பொழச்சிப் போனான். அங்க போயி குண்டுல போயிட்டான் பாரு." டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

9-6-70, செவ்வாய்

மேகம் மட்டும். மழை இல்லை.

தேவசகாயம் பதில் கடிதம் டைப் அடித்தார். வருத்தம் தெரிவித்து நாலு வரி. பிறகு, "மரம் பத்திரமா இருக்குது, அவரு வச்சிட்டுப் போனபடியே இருக்குதுன்னு போடவாண்ணே?"

தலையை ஆட்டினேன். ஆட்டிய தலையை உடைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வேறு யாரிடம் சொல்வது, இங்கேதான் எழுத வேண்டும். அவன் வைத்துவிட்டுப் போனபடி இல்லை. போன மாதம் சூளை ரிப்பேர் என்று பத்து நாள் லீவு விட்டார்கள். சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் நான். பரணைத் துடைக்கும்போது கம்பளிச் சுருட்டு கிடைத்தது. பிரித்துப் பார்த்தேன். ஆறடி மரம், முதுகெல்லாம் மேடும் பள்ளமும். ஒரு இடத்தில் ஏறி, ஒரு இடத்தில் இறங்கி, கணு பக்கம் வந்ததும் சுற்றி வளைந்து போகிறது. பாவம் பையன், உளி பிடித்துப் பழகாதவன், தெரிந்த மட்டும் சீவியிருக்கிறான் என்று நினைத்தேன். சரி, நேராக்கி வைப்போம், என்றைக்காவது வந்தால் கண்ணில் காட்டலாம் என்று இழைப்புளியை எடுத்தேன். ஒரு பகல் வேலை. மேட்டையெல்லாம் இழைத்து வாங்கினேன். மட்டத்துக்கு வராத பள்ளம் கணுப் பக்கம் ஒன்றுதான், அதில் மரத்தூளும் வஜ்ஜிரப் பசையும் குழைத்து அடைத்தேன். மட்டப்பலகை வைத்தால் வெளிச்சம் தெரியாத அளவுக்கு நேர். அன்றைக்கு எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அவன் சீவிய தடத்தை முழுக்க நான் இழைத்துத் தள்ளிவிட்டேன். அப்பன் கேட்பது அந்தத் தடத்தைத்தான்.

அந்தக் காலத்தில் அவன் ஷெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து சீவும்போது சொல்லியிருக்கிறான். "ஒரே வருஷம், அண்ணே. முனைக்கு முனை ஒரே வருஷம்." மரம் வருஷத்துக்கு ஒரு சுற்றுப் பெருக்கிறது. அறுத்த முகத்தில் வளையம் வளையமாகத் தெரியுமே, அதுதான். வில்லின் வெளி முதுகு முழுக்க ஒரே வளையத்தின் மேல்தோலாக இருக்க வேண்டுமாம். நடுவில் ஒரு இடத்தில் வெட்டுப்பட்டாலும் வளைக்கும்போது அங்கே பிளந்துகொள்ளும். மரம் எப்படிக் கோணுகிறதோ அப்படியேதான் கத்தியும் போகவேண்டும். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். காதில் விழுந்தது, கைக்கு எட்டவில்லை. நாற்பது வயசு வரைக்கும் நேர் பார்த்தே பழகிய கண்.

11-6-70, வியாழன்

காலை: ரேஷன். சர்க்கரை இல்லை. அஞ்சலையின் அண்ணன் வீட்டுக் காதுகுத்து பெண்ணாடத்தில், வருகிற 21. போகவேண்டும் என்கிறாள்.

அவளிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாகச் சோறு இறங்காததைப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். கேட்டு முடிக்கும் வரை முருங்கைக்கீரை உருவிக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பெரியவரு இத்த முன்ன பார்த்திருக்காரா?"

"மரத்தப் பார்த்திருக்காரு. சீவினதுக்கு அப்புறம் பார்க்கல."

"அப்பறம் என்னாங்க? நீங்க இன்னொரு தரம் அந்தப் புள்ள சீவினாப்லயே சீவி அனுப்புங்க. அது மகன் கைன்னு நெனச்சித் தடவிக்கிட்டுக் கெடக்கட்டும். நெசத்தச் சொல்லி அந்த மனுஷனுக்கு ரெண்டாந்தரம் புள்ளயச் சாகடிக்கப் போறீங்களா?"

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்கும் அதுதான் சௌகரியம். அதனால்தான் பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கிறேன். அவன் கத்தியும் கம்பளிக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு பக்கமும் பிடி வைத்தது, மார்புக்கு நேராக இழுத்துச் சீவுவது. நம் பக்கத்தில் அப்படி ஒன்று இல்லை.

14-6-70, ஞாயிறு

லேசான தூறல், மண் நனையவில்லை.

கொல்லையில் வேப்பமரத்தடியில் மரத்தை இறுக்கிக் கட்டினேன். அறுத்த முகத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைத்து, தேவசகாயத்தின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். (எதற்கு என்று கேட்டார். மாடல் வேலை என்றேன். பொய் ஒன்று சொன்னால் அதற்குத் துணைக்கு இன்னொன்று.)

அவன் வைத்திருந்த வளையம் போய்விட்டது. அதற்கு அடியில் இரண்டு வளையம் வரைக்கும் என் இழைப்புளி கிழித்திருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றை நான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலாவது: மெலிசு. காகிதம் மாதிரி. அந்த வருஷம் அவர்கள் ஊரிலும் மழை பொய்த்திருக்கும். இதில் கத்தி ஒரு இழுப்பு அழுந்தினால் அடுத்த வருஷத்துக்குப் போய்விடும்.

இரண்டாவது: கனம் இருக்கிறது. ஆனால் கீழ்முனையில் பூச்சி துளைத்த வழி.

மூன்றாவது: நல்ல கனம், சுண்டுவிரல் நகத்தின் அகலம். பூச்சி இல்லை. ஆனால் அவ்வளவு கீழே போனால் மரம் கட்டை விரல் அளவுக்கு மேல் மிஞ்சாது.

ஒரு மணி நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வளையமாகக் கீழே போகப்போக மரம் அப்பன் கையிலிருந்தும் மகன் கையிலிருந்தும் விலகி என் கைக்கு வருகிறது. இதை யோசித்தால் வேலை ஓடாது. மூன்றாவதை எடுத்தேன்.

மேல்முனையிலிருந்து சீவினேன். இரண்டு வளையத்துக்கும் நடுவே பொரபொரவென்று ஒரு மெல்லிய அடுக்கு. கத்தி அதில் படும்போது சத்தம் மாறுகிறது, பொரி மெல்லுகிற மாதிரி. அந்தச் சத்தம் வந்தால் நிறுத்த வேண்டும். அதைச் சுரண்டி எடுத்தால் அடியில் கெட்டியாக, பளபளவென்று அடுத்த வளையத்தின் தோல். நாலு விரற்கடை போவதற்குள் மூன்று தரம் தவறினேன். தவறிய இடத்தைத் தொட்டாலே தெரிகிறது. முதுகு ஏறினால் ஏற வேண்டும், இறங்கினால் இறங்க வேண்டும். என் கை நேராகவே போகப் பார்க்கிறது, கட்டிப்போட்ட மாடு முளைக்குப் போகிற மாதிரி.

இதை அந்தப் பையன் ஆறடிக்கும் செய்திருந்தான். நான் தெரியாதவன் என்று நினைத்தேன்.

17-6-70, புதன்

அரை ஷிப்ட். மண் வரவில்லை.

இதுவரை ஒரு அடி. கை வருகிறது. சொல்ல வெட்கம், ஆனால் வேலை பிடித்துப்போகிறது.

ஒரு சிக்கல். புதிதாகச் சீவிய இடம் மஞ்சள் கிழங்கு நிறம். என் இழைப்புளி படாத பக்கம் நாள்பட்டு வெல்ல நிறத்துக்கு வந்துவிட்டது. மூன்று வருஷம் முன்னால் சீவியது எப்படி மஞ்சளாக இருக்கும்? அப்பன் விவசாயி, மரம் தெரிந்தவர், பார்த்த உடனே பிடித்துவிடுவார். ஓட்டின் மேல் வெயிலில் போட்டேன். போதவில்லை. டீ டிகாக்ஷன் கொதிக்க வைத்துப் பூசிப் பார்த்தேன்.

அஞ்சலை: "மனுஷனுக்கே தூளு இல்ல. மரத்துக்கு டீயா?"

சிரித்துவிட்டேன். சிரித்ததற்கும் குற்ற உணர்ச்சி. சாயம் திட்டுத் திட்டாக நின்றது, சுரண்டினேன்.

கள்ள நோட்டு அடிக்கிறவன் புத்தி எனக்கு எப்போது வந்தது?

21-6-70, ஞாயிறு

காதுகுத்துக்கு அஞ்சலை மட்டும் போனாள். எனக்கு வயிற்றுவலி என்று சொல்லச் சொன்னேன்.

காலை எட்டு மணிக்கு ஆரம்பம். மேல்முனையிலிருந்து இரண்டடி வந்தாயிற்று. கணுவுக்கு வந்துவிட்டேன். அந்த இடத்தில்தான் போன மாதம் பள்ளத்தை அடைத்திருந்தேன். கத்தி பட்டதும் அடைத்தது பட்டென்று தட்டாகக் கழன்று வந்தது.

அடியில் வெல்ல நிறம்.

முதலில் அழுக்கு என்று நினைத்தேன். வெந்நீர் தொட்டு வஜ்ஜிரத்தைக் கரைத்துத் துடைத்தேன். அழுக்கு இல்லை. இழைப்புளி பள்ளத்தில் இறங்காது. மேட்டைத்தான் வாங்கும். பள்ளத்தை நான் அடைத்ததால் அது அப்படியே உள்ளே இருந்திருக்கிறது. கணுவைச் சுற்றி ஒரு உள்ளங்கை அளவு. டேவிட் சீவிய வளையம். ஒரு பென்சில் கோடு கூட, அடுத்தது எங்கே போக வேண்டும் என்று போட்டிருக்கிறான்.

விரலால் தடவிப் பார்த்தேன். பள்ளத்துக்குள்ளேயே கணுவுக்கு மேல் வளையம் சின்னக் குமிழாக எழும்புகிறது. அவன் அதன் மேல் ஏறி இறங்கியிருக்கிறான், ஒரு இடத்தில்கூடக் கீழே கிழிக்காமல். எட்டு நாளாகப் பழகியதால் எனக்கு இப்போது தெரியும். என்னால் இது முடியாது. இதைவிட நல்ல வேலை எங்கள் செக்ஷனில் நான் பார்த்ததில்லை. அவன் செய்துகொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று, "என்னா தம்பி, எலி கடிச்சாப்ல இருக்குது" என்று கேட்டவன் நான். அவனும் சிரித்தான். டேய் கலியபெருமாள், உனக்கு வேண்டியதுதான்.

இப்போது நிலைமை இது. நான் எடுத்த மூன்றாவது வளையம் இந்தத் திட்டுக்குக் கீழே ஓடுகிறது. அதை முனைக்கு முனை கொண்டுபோக வேண்டுமென்றால் இந்தத் திட்டையும் சீவி எறிய வேண்டும். எறிந்தால் முழு வில், நல்ல வில், முழுக்க என் கை, மகன் கை என்று பேர். எறியாவிட்டால் ஒன்றுக்கும் உதவாத மரம். அதில் நிஜமாக அவன் சீவியது ஒரு உள்ளங்கை, மற்றதெல்லாம் என் மடத்தனம்.

கத்தியை மேலே வைத்துப் பார்த்தேன். எடுத்துவிட்டேன். இன்னொரு தரம் வைத்தேன். ஆகவில்லை.

அழுதேன். யாரும் இல்லாதது நல்லதாயிற்று.

22-6-70, திங்கள்

அஞ்சலை வந்தாள். பலகாரம், வெற்றிலை பாக்கு. திட்டைக் காட்டினேன். அவளும் தொட்டுப் பார்த்தாள். "இது அந்தப் புள்ள செஞ்சதா?" என்றாள். ஆமாம் என்றேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "என்னமோ செய்யுங்க. ஆனா அந்தப் பெரியவரு சாபம் உட்டா அதும் நமக்குத்தான்" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.

திட்டைத் தொடாமல் உள்ளபடி அனுப்பப்போகிறேன். சாபம் விட்டால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

24-6-70, புதன்

மரத்தைக் கோணியில் சுற்றிப் போஸ்டாபீஸ் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்தவர் எழுந்து நின்று பார்த்தார்.

"என்னாங்க இது, வண்டி நுகத்தடியா?"

"மரம்ங்க. அமெரிக்காவுக்கு."

"அங்க மரம் இல்லியா? மூணரை அடிக்கு மேல பார்சல் வாங்க மாட்டோம்ங்க. கொறச்சிக்கிட்டு வாங்க."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். திரும்ப வீட்டுக்கு. மூன்றரை அடி என்றால் இனி எந்தக் காலத்திலும் வில் ஆகாது. ரம்பத்தை எடுத்தேன். மேலே ஒன்றேமுக்கால் அடி, கீழே முக்கால். நான் அவன் கை மாதிரி சீவிய பகுதி பெரும்பாலும் மேல் துண்டோடு போயிற்று. மிஞ்சியதில் என் இழைப்புளி போட்ட நேர் தெரிகிறது. அவன் திட்டும் தெரிகிறது. பளிச்சென்று தெரிகிறது, ஒளிக்க ஒன்றுமில்லை.

துண்டுகளை அஞ்சலை வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டாள். "யப்பா, என்னா பொறி பறக்குது" என்கிறாள்.

25-6-70, வியாழன்

தேவசகாயத்திடம் முழுக்கச் சொன்னேன். மனுஷர் முதல் கடிதத்தின் கார்பன் காப்பியைத் தேடி எடுத்தார்.

"அண்ணே, வச்சிட்டுப் போனபடியே இருக்குதுன்னு போன லெட்டர்ல நான்தான அடிச்சேன்."

"நான்தான் தலைய ஆட்டினேன் சார். நீங்க என்னா பண்ணுவீங்க. அதையும் எழுதுங்க."

"அவரு மனசு ஒடஞ்சி போயிடும்ண்ணே."

"எழுதுங்க சார்."

நான் சொல்ல அவர் இங்கிலீஷில் அடித்தார். சொன்னது: ஐயா, முதல் கடிதத்தில் எழுதியது பொய். உங்கள் மகன் சீவியதை நான் இழைத்துவிட்டேன். அவனுக்கு வேலை தெரியாது என்று நினைத்துச் செய்தேன். எனக்குத்தான் தெரியவில்லை. பிறகு அவன் சீவிய மாதிரியே போலியாகச் சீவ ஆரம்பித்தேன், அதையும் முடிக்கவில்லை. தபாலில் போகாது என்பதால் அறுத்தும் விட்டேன். கணுவைச் சுற்றி நிறம் கறுத்த இடம் மட்டும் அவன் கை. பென்சில் கோடும் அவனுடையது. மற்றது என் தப்பு. மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் இல்லை.

கடைசி வரியை தேவசகாயம் எப்படி இங்கிலீஷில் போட்டார் தெரியவில்லை. கேட்கவில்லை.

பெட்டிக்கு:
பாக்கிங் பலகை
ஒன்றரை அங்குல ஆணி
வைக்கோல், சூளை கோடவுனிலிருந்து
கோணி ஊசி, சணல்
திட்டுக்கு மேல் சுற்ற மல் துணி (அஞ்சலை கொடுத்தாள், புதிது)
அவன் கத்தி, எண்ணெய் தடவி

27-6-70, சனி

பார்சல் போயிற்று. கப்பல் தபால். மூன்று மாதம் ஆகுமாம். வெளியே வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே வீடு.

30-8-70, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. புதிய ஆள் இப்போது சுருக்கத்துக்குக் கூட்டிக் கடைகிறான். தபால்காரர் தெருவில் வந்தால் உள்ளே போய்விடுகிறேன்.

19-10-70, திங்கள்

விடியற்காலையிலிருந்து அடைமழை. மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்துவிட்டதாம். ஷெட்டில் ஒழுக்கு, மாடல்களை மேசை மேல் ஏற்றி வைத்தோம்.

பதில் வந்துவிட்டது. தேவசகாயம் குடையோடு வந்தார். கவர் ஓரம் நனைந்திருந்தது. பிரிக்கச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்துப் படித்துத் தமிழில் சொன்னார். நினைவு இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

பெட்டி போன மாதம் வந்து சேர்ந்தது. சுங்கத்தில் ஒரு பலகையைப் பெயர்த்துத் திரும்ப அடித்திருக்கிறார்கள், உள்ளே சேதம் இல்லை. கத்தி அவருடைய அப்பாவுடையது, திரும்பி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பிறகு, அவர் வார்த்தையிலேயே: நீங்கள் இழைத்த இடம் ரொம்ப நேராக இருக்கிறது, இவ்வளவு நேராக எங்கள் ஊரில் யாரும் இழைக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் தேவசகாயம் என்னைப் பார்த்தார். அது கோபமா வேறு ஏதாவதா, இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

கடிதத்தில் அடுத்து: கோபத்தில் ஒரு வாரம் உங்களுக்குப் பதில் எழுதவில்லை. இப்போது அந்தத் திட்டைத் தினமும் பார்க்கிறேன். கணுவை அவன் சுற்றி வந்திருக்கும் விதம் நான் சொல்லிக் கொடுத்தது இல்லை. உங்கள் ஊரில் உட்கார்ந்து அவனாகவே கண்டுபிடித்திருக்கிறான்.

அதற்கு அப்புறம் தேவசகாயம் நிறுத்திவிட்டார். "சொல்லுங்க சார்" என்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்:

"பட்டாளத்துல இருந்து எம் மகன வச்சி ஒரு பெட்டி வந்துச்சி. அத்தத் தொறக்க வேணாம்னுட்டாங்க. நானும் தொறக்கல. நீங்க அனுப்பின பெட்டியத் தொறந்தேன்."